ஃபிடில் வாசிக்கும் மகளை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: வணக்கம் டீச்சர். என் கணவர் மருத்துவர். ஆறு வருடங்களுக்கு முன் வட கரோலினாவில், புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் உள்ள ஒரு சின்ன ஊருக்கு வந்தோம். இங்கே தமிழ்க் குடும்பம் எங்களுடையது மட்டும்தான். மகளுக்கு 11 வயது. ஏழு வயதிலிருந்து ஆன்லைனில் கர்நாடக வயலின் கற்கிறாள். மூன்றாம் வகுப்பில், பள்ளி முடிந்தபின் நடக்கும் மலை இசை வகுப்பில் சேர்ந்தாள். இப்போது ஐந்து பிள்ளைகள் சேர்ந்து, புளூகிராஸ் என்ற இசை பாணியை வாசிக்கும் ஒரு பேண்டில் ஃபிடில் வாசிக்கிறாள் (வயலினைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள்). ஒரு பையனின் அப்பாதான் எல்லாவற்றையும் நடத்துகிறார். இந்தக் கோடையில் ஏழு வார இறுதிகளுக்கு நிகழ்ச்சிகளும் போட்டிகளும் ஒப்புக்கொண்டிருக்கிறார். போன மாதப் போட்டியில் பரிசு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காரில் "என்னாலதாம்மா" என்று அழுதாள். இடது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். பாட்டுகளோ, பாதி ஏசுவைப் பற்றி, மீதி கொலையைப் பற்றி. "நாலு வருஷம் கற்ற சங்கீதம் வீணாகிறது, நிறுத்திவிடலாம்" என்கிறார் கணவர். அவளோ நிறுத்தவே கூடாது என்கிறாள். அந்தக் கூட்டத்தில் நம் நிறத்தில் யாருமே இல்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது. என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், வட கரோலினா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மணிக்கட்டைப் பார்த்துவிடுவோம். மற்றதையெல்லாம் யோசிக்க நேரம் இருக்கிறது, வலிக்கிற கைக்கு இல்லை.

ஃபிடில் என்ன அளவு என்று நீங்கள் எழுதவில்லை. மலைப்பக்கத்தில் "எங்கள் தாத்தா வாசித்தது" என்று யாராவது அன்பாக ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். அது பெரியவர்களுக்கான முழு அளவாக இருக்கும். பதினொரு வயதில் பல பிள்ளைகளுக்கு முக்கால் அளவுதான் சரியாக இருக்கும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஃபிடிலைத் தோளில் வைத்து இடது கையை நீட்டி, நுனியில் இருக்கும் சுருளை உள்ளங்கையால் பிடிக்கச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடிந்திருக்கும்போதே பிடிபட்டால் அளவு சரி. கை விறைத்து நீண்டால்தான் எட்டுகிறது என்றால் ஃபிடில் அவளுக்குப் பெரிது. வயலின் கடைகளில் சின்ன அளவை மாத வாடகைக்குத் தருவார்கள், வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது, அவள் கை இரண்டு வேலைகளைக் கற்றுக்கொண்டிருக்கிறது. நம் முறையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றிக்கொள்கிறோம். கருவியைக் கால் தாங்குவதால் இடது கை தந்தியின் மேல் தாராளமாக ஓடும். ஃபிடிலுக்கு நின்றுகொள்ள வேண்டும். தோள்பட்டைத் தாங்கி இல்லாவிட்டால் பிள்ளைகள் உள்ளங்கையாலேயே ஃபிடிலின் கழுத்துக்கு முட்டுக்கொடுப்பார்கள். அப்போது மணிக்கட்டு உள்பக்கமாக மடிந்துவிடும். பழைய மலை ஃபிடில்காரர்கள் பலர் அதை நெஞ்சில் சாய்த்து, அப்படித்தான் வாசித்தார்கள் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வேகமான புளூகிராஸை ஒரே நாளில் ஐந்து மணி நேரம் வாசிக்கும் பதினொரு வயதுக் கைக்கு அது ஆகாது. நீங்களே யோசித்துப் பாருங்கள், வார நாட்களில் அரை மணி நேரம், சனிக்கிழமை திருவிழாவில் ஐந்து மணி நேரம். இந்தத் தாவல்தான் பெரும்பாலும் வலியைக் கொண்டுவருகிறது.

இரண்டு வாரம் ஃபிடிலைத் தொடாமல் இருக்கட்டும். அந்த நாட்களில் பாடலாம், மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்கலாம். பிறகு 20 நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் ஓய்வு. வாசிக்காதபோதும் வலித்தால், இரவில் எழுப்பினால், விரல் மரத்துப்போனால் உடனே காட்டிவிடுங்கள். வீட்டிலேயே மருத்துவர் இருக்கிறார், தெரியும். ஆனாலும் இதை அவளுடைய அப்பாவாக இல்லாத ஒருவர் பார்க்கட்டும். கை நிபுணரோ விளையாட்டுக் காயங்களைப் பார்ப்பவரோ கிடைத்தால் நல்லது. காதையும் மறந்துவிடாதீர்கள். ஃபிடில் இடது காதுக்குப் பக்கத்திலேயே ஒலிக்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் வரம்பு, மூன்று டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகிவிடும் என்பது அமெரிக்கப் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. பாஞ்சோ என்ற உரத்த தந்திக் கருவிக்கு நேர் எதிரில் அவளை உட்கார விடாதீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்றே இருக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள்.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். நிறுத்த வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இப்போது போகிற மாதிரியே போகவும் விடாதீர்கள். இந்த இசையில் பிள்ளைகளுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று மேடை. இன்னொன்று, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லாரும் சேர்ந்து வாசிக்கிறார்களே, ஜாம் என்கிறார்களே, அந்த வட்டம். உங்கள் மகளின் கோடையில் மேடை மட்டும்தான் இருக்கிறது. அதைக் குறைத்துவிட்டு வட்டத்தைக் கூட்டுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்கு ஒன்றுபோல இருந்தாலும், புளூகிராஸும் ஓல்டு-டைமும் வேறு வேறு. ஓல்டு-டைம் என்பது மலைவீடுகளின் நடன இசை. ஃபிடிலும், நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கித் தட்டி வாசிக்கும் கிளாஹாமர் பாஞ்சோவும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பச் சேர்ந்தே வாசிக்கும். யாருக்கும் தனியாக வாசிக்கும் முறை கிடையாது. ஒரு பிள்ளை நாலு ஸ்வரத்தை விட்டாலும் மெட்டு அதைச் சுமந்துகொண்டு போய்விடும். புளூகிராஸ் அப்படியல்ல. அது வளர்ந்ததே ரேடியோவிலும் மேடையிலும்தான். கென்டக்கியின் பில் மன்றோ 1939-ல் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஓப்ரி ரேடியோ நிகழ்ச்சிக்கு வந்தார். 1945 கடைசியில் வட கரோலினாக்காரரான ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு அவர் குழுவில் சேர்ந்தார். அந்தச் சேர்க்கையில் உருவான பாணிதான் உங்கள் மகளின் பேண்ட் வாசிப்பது. அதில் ஒவ்வொருவருக்கும் முறை வரும். அவரவர் தனியை வாசித்துவிட்டு ஒதுங்க வேண்டும். ஃபிடில் பல பாட்டுகளில் ஆரம்பத்தையும் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஒரு குழந்தை தடுக்கினால் எல்லாருக்கும் கேட்கும். "என்னாலதாம்மா" என்று அவள் ஏன் சொன்னாள் என்பது இப்போது புரிகிறதா? அவள் மிகையாகச் சொல்லவில்லை. அந்த இசையின் அமைப்பு அவளுக்கு அப்படித் தோன்ற வைக்கிறது. ஆரம்பம் எடுக்கும் பொறுப்பை எல்லாப் பாட்டிலும் அவள் தலையில் வைக்காமல் மாண்டலினுக்கும் பாஞ்சோவுக்கும் பகிர்ந்து கொடுக்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் தவறே இல்லை.

இதை நான் தூரத்திலிருந்து சொல்லவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதில், ஒரே வருடத்தில் பதினான்கு வயலின் போட்டிகள். பரிசுகளும் வந்தன. ஒரு போட்டியில் நடுவர் ஒருவர் எல்லார் முன்னாலும் என் சுருதியைக் குறை சொன்னார். கீழே இறங்கி வந்தபோது என் குருவே என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினாறில் வயலின் பெட்டியை மூடினேன். ஐந்து வருடம் திறக்கவில்லை. திரும்பத் திறந்தது எங்கள் தெருவின் மார்கழி பஜனையில். அங்கே யாரும் மதிப்பெண் போடவில்லை. ஒரு பாட்டி பாடிக்கொண்டே, என்னையும் வாசி என்று தலையாட்டினார், அவ்வளவுதான். மலை இசையின் வட்டத்தில் முதல் முறை உட்கார்ந்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது.

உங்கள் மகள் சேர்ந்த வகுப்பும் இந்த எண்ணத்தில்தான் தொடங்கியிருக்கும். வட கரோலினாவின் அலகேனி கவுண்டியில் ஸ்பார்ட்டா என்ற சின்ன ஊர். அங்கே பள்ளி ஆலோசகராக இருந்த ஹெலன் வைட், தானும் ஃபிடில் வாசிப்பவர். 2000-ல் பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்கு அந்த ஊரின் இசையையே சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். ஜூனியர் அப்பலாச்சியன் மியூசிஷியன்ஸ் என்று பெயர். ஹெலன் 2019-ல் காலமானார். அந்த வகுப்புகள் இன்று அப்பலாச்சிய மலைத்தொடரின் பல மாநிலங்களில் நடக்கின்றன. அவர் நட்சத்திரம் தேடவில்லை. பிள்ளைகளைத் தங்கள் ஊர்ப் பெரியவர்களோடு ஒரே வட்டத்தில் உட்கார வைப்பதுதான் அவர் விரும்பியது. குழந்தைகளின் பேண்டுகள் அதிலிருந்து தானாக முளைத்தவை. அதில் ஒன்றும் தப்பில்லை, ஆனால் முளைத்தது வேரைத் தின்றுவிடக் கூடாது.

மேடை ஏறிய குழந்தைகளின் கதைகளைப் பேண்டை நடத்தும் அந்த அப்பா உங்களுக்குச் சொல்லியிருப்பார். 1960 வாக்கில் கென்டக்கியின் மார்த்தா என்ற ஊருக்குப் பில் மன்றோ வந்தபோது, பின்னாளில் புளூகிராஸ் நட்சத்திரமான ரிக்கி ஸ்காக்ஸை, அப்போது ஆறு வயது, வாசிக்க விடச் சொல்லி ஊரார் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மன்றோ சிறுவனை மேடையில் ஏற்றி, தன்னுடைய மாண்டலினின் வாரைச் சுருக்கி அவன் தோளில் மாட்டிவிட்டார். அருமையான சம்பவம். ஆனால் அது ஊரே தெரிந்த பையனுக்கு, ஊரின் மேடையில், ஒரே ஒரு பாட்டு. ஏழு வார இறுதிகள் இல்லை.

எனவே அந்த அப்பாவிடம் நேரில் பேசுங்கள். கோபமாக வேண்டாம், அவரும் பிள்ளைகளுக்காகத்தான் ஓடுகிறார். "எங்கள் மகள் இந்தக் கோடையில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு மட்டும்தான் வருவாள்" என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். போட்டி என்று ஒன்று வேண்டுமானால் கேலாக்ஸை வைத்துக்கொள்ளலாம். வர்ஜீனியாவில் 1935-லிருந்து ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும் ஃபிடில் மாநாடு அது. திங்கட்கிழமை மாலை சிறுவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பாட்டு வாசித்தால் முடிந்தது. அப்புறம் கூடாரங்களுக்கு நடுவே நடந்து, எந்த வட்டம் பிடிக்கிறதோ அதில் உட்காரலாம். அங்கே போகிற பலருக்குப் போட்டி ஒரு சாக்குதான், கூடார ஜாம்தான் விஷயம். ஆனால் அது விடியவிடிய ஓடும். பத்து மணிக்கு அவள் படுத்துவிட வேண்டும், மற்றவர்கள் என்ன செய்தாலும் சரி. இரவில் பெரியவர்கள் குடிக்கும் வட்டங்களும் இருக்கும். நீங்களோ கணவரோ எப்போதும் கூடவே இருங்கள்.

இனி உங்கள் கணவரின் வருத்தம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டம் தாண்டி வந்து, மகளின் கையில் நம் சங்கீதம் இருக்கட்டும் என்று நினைக்கும் தகப்பனின் ஏக்கம் அது. அவருக்கு ஒன்றைக் காட்டும்படி மகளிடம் சொல்லுங்கள். ஃபிடிலை வழக்கமாக, மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் சொன்னால், ஜி-டி-ஏ-இ என்று சுருதி சேர்ப்பார்கள். ஆனால் மலைக்காரர்கள் பழைய மெட்டுகள் பலவற்றுக்குக் கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி ஏ-இ-ஏ-இ என்று வைத்துக்கொள்வார்கள். வாசிக்காத தந்தியும் கூடவே ஒலித்துத் தம்புரா மாதிரி நிற்கும். அந்த ஏ-இ-ஏ-இ என்ன தெரியுமா? ச-ப-ச-ப. நம் வயலினின் அதே சுருதி! இரண்டு பக்கமும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததல்ல. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதை நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். அட்லாண்டிக்கைத் தாண்டிய அதே கருவி மலைக்குடிசைகளில் ஃபிடில் ஆயிற்று. இரண்டு இடத்திலும் காது அதே சுருதியைத் தேடிப் போயிருக்கிறது. இதை முதலில் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கற்றுக்கொடுக்கும் முறையும் ஒத்துப்போகிறது. நோட்டைப் பார்க்காமல் கேள்வி ஞானம்தான். ஒரு குருவின் வழியில் வந்த பாட்டு வடிவத்தைப் பாடாந்தரம் என்கிறோமே, அதுவும் அங்கே உண்டு. வட கரோலினாவில் மவுண்ட் ஏரி என்ற ஊருக்குப் பக்கத்தில் டோஸ்ட் என்ற இடத்தில் டாமி ஜாரெல் என்பவர் வாழ்ந்தார், 1901-ல் பிறந்து 1985-ல் மறைந்தவர். சாலைபோடும் இயந்திரம் ஓட்டிப் பிழைத்தவர். ஓய்வுபெற்ற பிறகு, எங்கிருந்தோ வந்த இளைஞர்களையெல்லாம் வீட்டில் தங்கவைத்துச் சோறுபோட்டு, அப்பாவிடம் தான் கற்றதைச் சொல்லிக்கொடுத்தார். இன்றும் அந்தப் பக்கத்தில் ஒரு மெட்டை வாசித்துவிட்டு "இது டாமி வாசித்த மாதிரி" என்பார்கள். நம் குருகுலத்தை அறிந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்ற வாய்ப்பே இல்லை.

ஆகவே கர்நாடக வகுப்பை விட வேண்டாம். ஆனால் இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டவும் முடியாது. இந்த வருடம் வாரம் ஒரு வகுப்பு, தேர்வும் அரங்கேற்றமும் இல்லை, வரிசைகளும் வர்ணமும் போதும் என்று குருவிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் இரண்டுக்கும் தனித்தனி வயலின் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தந்தியை ஏற்றி இறக்கினால் தந்தியும் அறும், பிள்ளையின் பொறுமையும் போகும்.

பாட்டுகளைப் பற்றி. புளூகிராஸில் ஏசுவைப் பாடும் பாட்டுகள் இல்லாத நிகழ்ச்சி அபூர்வம். அவளுக்குப் பாட மனமில்லை என்றால் ஃபிடில் மட்டும் வாசிக்கட்டும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாட விரும்பினால் பாடட்டும், நம் சாமி கோபித்துக்கொள்ளாது. கொலைப் பாட்டுகளைத்தான் நான் கொஞ்சம் யோசிப்பேன். அவை நடந்த கதைகளும்கூட. 1866-ல் வட கரோலினாவின் வில்க்ஸ் கவுண்டியில் லாரா ஃபாஸ்டர் என்ற பெண் கொலையானாள். அதற்காக டாம் டூலா 1868-ல் தூக்கில் தொங்கினார். அது இன்றும் பாட்டாக இருக்கிறது. நம் ஊரிலும் கொலைச்சிந்துகளைக் குஜிலிப் புத்தகம் என்ற மலிவுப் பதிப்பாக அச்சடித்து, சந்தையில் பாடி விற்கவில்லையா? பத்திரிகை எட்டாத இடத்தில் அதுதான் செய்தி. அதனால் பயந்து ஒளிக்க வேண்டாம். ஆனால் இந்தப் பாட்டுகளில் சாவது பெரும்பாலும் பெண்தான். "ஏன் எப்போதும் அவளே சாகிறாள்?" என்று மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். பதினொரு வயதில் இந்தப் பேச்சு வர வேண்டியதுதான்.

நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். யாரும் முகம் சுளிக்கவே மாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அவள் இதைத் தெரிந்துகொண்டு அங்கே உட்காரட்டும்: பாஞ்சோ ஆப்பிரிக்காவின் பிள்ளை. அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்களின் நினைவில் இருந்த சுரைக்குடுக்கைக் கருவிகளிலிருந்து பிறந்தது. பில் மன்றோ சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்களில் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பின கிட்டார் கலைஞரும் ஒருவர். வட கரோலினாவிலேயே ஜோ தாம்சன் என்ற கறுப்பின ஃபிடில்காரர் 2012 வரை வாழ்ந்தார். அவருடைய எண்பதுகளில் இளம் கறுப்பினக் கலைஞர்கள் மூவர் அவர் வீட்டுக்குப் போய்க் கற்றார்கள். அவர்கள் 2005-ல் தொடங்கிய குழுதான் கரோலினா சாக்லேட் டிராப்ஸ், 2011-ல் கிராமி வாங்கியது. அதில் ஒருவரான ரியானன் கிடன்ஸ் வாசிக்கும் வீடியோவை மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். இந்த இசை ஒரே நிறத்தாரின் சொத்தாக என்றைக்குமே இருந்ததில்லை. ஆனாலும் யாராவது அவளைப் புண்படுத்தினால் "பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள், அடுத்த வாரம் வேறு வட்டத்துக்குப் போங்கள்.

பேண்டுக்குப் பணம் வந்தால் பிள்ளைகளின் பெயரில் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் குழந்தைக் கலைஞரின் சம்பளத்தில் 15 சதவீதத்தை ஒதுக்கிவைக்கச் சட்டமே இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும், அதனால் ஐந்து பிள்ளைகளின் பெற்றோரும் உட்கார்ந்து எழுதிவைத்துக்கொள்வது நல்லது. எதிர்காலம் என்ன என்று கணவர் கேட்டால், டென்னசியில் ஜான்சன் சிட்டியில் உள்ள பல்கலைக்கழகத்தில் புளூகிராஸுக்குப் பட்டப்படிப்பே உண்டு என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பேச்சை இப்போது எடுக்காதீர்கள். பதினொரு வயது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. பக்கத்தில் மெதுவாக வாசிக்கும் ஓல்டு-டைம் ஜாம் எங்கே நடக்கிறது என்று அவள் வகுப்பு ஆசிரியரைக் கேளுங்கள். கை ஓய்வெடுக்கும் இரண்டு வாரத்திலும் அவளைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போங்கள். ஃபிடில் வேண்டாம், நாற்காலி மட்டும். அங்கே கிட்டார் வாசிப்பவர் ஒன்று, நான்கு, ஐந்து என்று விரலைக் காட்டுவார். அது ச, ம, ப தான். அந்த ஸ்வரங்களின் மேல் கட்டிய மூன்று ஸ்வரக் கூட்டுகளை (கார்டு என்பார்கள்) வைத்தே பாதி மெட்டுகளுக்குத் துணை வாசித்துவிடலாம், மூன்று மாதத்தில் நீங்களே கற்றுவிடுவீர்கள். பிள்ளைகளுக்காக கிட்டாரோ பாஸோ எடுத்த அம்மா அப்பாக்கள் அந்த மலையில் நிறையப் பேர். மெட்டு முடியப்போகும்போது வட்டத்தில் ஒருவர் ஒரு காலை முன்னால் தூக்குவார். அதுதான் கடைசிச் சுற்று என்பதற்கு அடையாளம். யார் தூக்குகிறார் என்று பார்க்கும் வேலையை உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மணிக்கட்டைப் பார்த்த மருத்துவர் என்ன சொன்னார் என்று மட்டும் எனக்குத் தவறாமல் எழுதுங்கள்.